அடுப்படியை எட்டிப் பார்த்த அரசர்

முன்னொரு காலத்தில், எந்த ஆற்றங்கரையில் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, செழிப்பான ஒரு ராச்சியம் இருந்தது. அதை ஆண்ட அரசர் நல்லவர்தான். மழை பெய்தது, வரி உறுத்தவில்லை. அவருக்கு இருந்த ஒரே பலவீனம் அவருடைய மீசை. காலையில் கண்ணாடி முன்னால் நின்று அதைத் தடவிப் பூரித்துப் போனாரென்றால், அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் ஏதாவது ஓர் ஆணை பிறந்துவிடும்.

அப்படிப் பூரித்த ஒரு நாளில் வீதியெல்லாம் பறை அறைந்தார்கள்.

“அரசர் பெருமானின் பிறந்தநாள் விழா வருகிறது! அவரவர் அரசர்மேல் வைத்த அன்பை வீட்டுக்கு வெளியே தெரியும்படி காட்ட வேண்டும்! ஒருவர் வைத்ததை இன்னொருவர் தொடவோ திருப்பவோ மூடவோ கூடாது! அரசர் உருவம் எங்கே இருந்தாலும் அதுவும் அரசரே! அவருக்குரிய மரியாதை எல்லாம் அதற்கும் உண்டு!”

ஊர் அமர்க்களப்பட்டது. சிலர் தோரணம் கட்டினார்கள். சிலர் வாசலில் மீசைக் கோலம் போட்டார்கள். பால்காரர் ஒருவர் தம் எருமைக்கே மீசை வரைந்து வீட்டு முன்னால் கட்டினார். அது நாக்கை நீட்டி நக்கியே பாதி மீசையை அழித்துவிட்டது.

எல்லாரையும் தோற்கடித்தவர் மந்திரி வச்சிரபாகு. அவர் தம் தோட்டத்தில், மூங்கிலும் வைக்கோலும் சுதையும் சேர்த்து, பனைமர உயரத்துக்கு அரசர் சிலை ஒன்றை எழுப்பினார். ஓங்கிய வாள், உருட்டிய கண், காதைத் தாண்டிப் போகும் மீசை. ஆனால் சிலை வீதியைப் பார்த்து நிற்கவில்லை. மதிலுக்கு மேலே குனிந்து, பக்கத்து வீட்டுக்குள் பார்த்தது.

பக்கத்து வீடு அஞ்சுகம் என்பவளுடையது. அவள் கணவன் நம்பியாண்டான் மரக்கலம் கட்டும் தச்சன். கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் அவனுக்கு நல்ல வேலை அமைந்துவிட்டது. வீட்டை விற்றுவிட்டு, காற்று திரும்புவதற்குள் கடைசிக் கப்பலில் வந்து சேர் என்று ஆளிடம் சொல்லி அனுப்பியிருந்தான். அந்தக் கப்பலை விட்டால் அடுத்த வருஷம்தான். வச்சிரபாகுவுக்கோ அந்த இடத்தின்மேல் கண். அங்கே ஒரு குளமும் குளத்தில் அன்னமும் விட வேண்டும் என்று அவருக்கு ஆசை. மாட்டுக்கொட்டகைக்குக் கொடுக்கும் விலைக்கு வீட்டைக் கேட்டார். அஞ்சுகம் மறுத்துவிட்டாள். அதற்கு அடுத்த வாரம்தான் சிலை எழும்பியது.

வீடு பார்க்க முதலில் வந்தவர் ஒரு வெல்ல வியாபாரி. முற்றத்தில் கால் வைத்தார், அண்ணாந்து பார்த்தார், அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அரசர் ‘எழுந்திரு’ என்று சொல்லாமல் எழுந்திருக்கலாமா? சிலையோ வாய் திறக்கவில்லை. பொழுது சாயும்வரை கிடந்தவர், இருட்டியதும் தவழ்ந்தே வெளியே போனார்.

அடுத்து ஒரு நெசவாளர் மனைவியோடு வந்தார். அந்த அம்மாள் நேரே அடுப்படிக்குப் போனாள். சன்னல் நிறைய ஒரே ஒரு கண்!

“ஐயோ, என்னாங்க! மகாராஜா கொழம்புச் சட்டியப் பாக்குறாரு!” என்று அலறிக்கொண்டு அவள் ஓடினாள். அவளைப் பிடிக்க அவர் ஓடினார்.

மூன்றாவதாக வந்தவர் வைத்தியர், நிதானமானவர். எல்லா அறையையும் சுற்றிப் பார்த்துவிட்டு, “எல்லாம் சரிதாம்மா. எந்தப் பக்கம் கால நீட்டிப் படுக்கிறது? எங்க படுத்தாலும் அரசருக்கு நேரால்ல காலு வருது?” என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரும் கிளம்பிவிட்டார்.

மதிலுக்கு அப்பாலிருந்து வச்சிரபாகு இனிமையாகக் குரல் கொடுத்தார். “என்னம்மா, கப்பலுக்கு நேரமாகிறதே? நான் சொன்ன விலை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.”

அஞ்சுகம் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே அரசவைக்குப் போனாள்.

அரசவையில் சிங்காண்டி என்று ஒரு விகடன் இருந்தான். ஒல்லியான உடம்பு, பெரிய தலைப்பாகை. அவன் வாயைத் திறந்தால் அரசருக்குச் சிரிப்பு வரும், வச்சிரபாகுவுக்கு வயிறு எரியும்.

அஞ்சுகத்தின் முறையீட்டை அரசர் கேட்டார். ஆனால் மந்திரி எழுப்பிய சிலையை அவர் நேற்றுத்தான் அரண்மனை மாடத்திலிருந்து பார்த்திருந்தார். முதுகுப்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. முதுகுக்கு இருபுறமும் மீசை நுனி தெரிந்ததில் அவருக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி.

“பெண்ணே, எம் உருவம் பார்ப்பதால் ஒரு வீட்டின் மதிப்புக் குறையுமா?” என்றார் அரசர், சற்று மனத்தாங்கலோடு.

“கொறஞ்சிடுச்சே, மகாராஜா! வந்தவங்க எல்லாம் ஓடிட்டாங்களே!”

வச்சிரபாகு எழுந்தார். “அரசே, விற்கத் தெரியாதவள் பேசுகிறாள். நம் சிங்காண்டியின் அறிவுக்கு முன்னால் இது ஒரு காரியமா? சிலையைத் தொடாமல், மூடாமல், பொய் சொல்லாமல், விழாக் கொடி இறங்குவதற்குள் அந்த வீட்டை அவன் ஊரார் மதிக்கும் விலைக்கு விற்றுக் காட்டட்டும். முடியாவிட்டால் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு நாட்டை விட்டுப் போகட்டும்.”

அரசருக்குப் பந்தயம் என்றால் உயிர். “அப்படியே ஆகட்டும்!” என்றார்.

சிங்காண்டி கும்பிட்டான். “உத்தரவு, அரசே. அடியேனுக்கு இரண்டு சந்தேகங்கள். அந்தச் சிலை, சிலையா? அல்லது தாங்களா?”

“ஆணையிலேயே சொன்னோமே. அது நாமே.”

“அப்படியானால் தங்களுக்கு நடக்கும் உபசாரம் அங்கேயும் நடக்க வேண்டுமே?”

“நடக்கத்தான் வேண்டும். யாருடைய இல்லத்தில் எழுந்தருளியிருக்கிறோமோ, அவர் அந்தப் பாக்கியத்தை ஏற்பார்.”

வச்சிரபாகு பெருமையோடு தலையசைத்தார். பாவம், அவருக்குத் தெரியாது.

“இரண்டாவது சந்தேகம். தாங்கள் கண் விழித்து நிற்கும் இடத்தில் குடிமக்கள் காலை நீட்டி உறங்கலாமா?”

அரசர் மார்பை நிமிர்த்தினார். “சிங்காண்டி! குடிகள் நிம்மதியாகக் காலை நீட்டி உறங்குவதற்காகவே அரசன் விழித்திருக்கிறான்!”

“அருமை, அரசே!” என்று சிங்காண்டி தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

மறுநாள் கிழக்கு வெளுத்தபோது, வச்சிரபாகுவின் தோட்டத்தில் சங்கு முழங்கியது. கொம்பு, முரசு, தாளம், அரசரைத் துயிலெழுப்பும் பாடகர்கள் எல்லாரும் வந்து நின்றார்கள். படுக்கையிலிருந்து உருண்டு விழுந்த மந்திரி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

“என்ன இது? என்ன இது?”

“மெதுவா பேசுங்க, மந்திரியாரே. மகாராஜா இப்பத்தான் எழுந்திருக்கிறார்,” என்றான் சிங்காண்டி.

ஏணி வைத்து ஏறிய நாவிதர் சிலையின் மீசைக்கு நெய் பூசி முறுக்கினார். பிறகு எண்ணெய் முழுக்கு. சிலைமேல் ஊற்றிய தண்ணீர் முழுவதும் சரிவில் இறங்கி மந்திரியின் படுக்கையறைக்குள் போனது. அரசருக்கு வணக்கம் சொல்ல வந்த பட்டத்து யானை, வணக்கம் சொன்ன கையோடு வாழைத்தோப்பைத் தின்றது. சமையல்காரர்கள் மந்திரியின் அடுப்பில் அரச விருந்து சமைத்தார்கள். அரசர் இருக்கும் இடத்தில்தானே வழக்கும் நடக்கும்? முறையீட்டுக்காரர்கள் ஆடு மாடுகளோடு வந்து சேர்ந்தார்கள். அரசரைத் தேடி வந்தவர்களைப் பசியோடு அனுப்பலாமா? அவர்களுக்கும் இலை போட்டார்கள். வேல் பிடித்த காவலர்கள் சிலையைச் சுற்றியும், மதிலின் இருபக்கமும், அதாவது அஞ்சுகத்தின் வாசல்வரையும் வரிசையாக நின்றார்கள்.

மந்திரியின் மனைவி கொல்லையிலிருந்து கத்தினாள். “ஏங்க, யானை கெணத்தடிக்கு வந்துடுச்சிங்க! எங்க அம்மா வூட்டுக்கு நான் போறேன்!”

வேடிக்கை பார்க்க ஊரே திரண்டது. அந்தக் கூட்டத்தில் பச்சையப்பர் என்ற ரத்தின வணிகரும் இருந்தார். கள்வர்கள் அவர் வீட்டுச் சுவரில் அடிக்கடி ஓட்டை போட்டுக் கன்னம் வைத்துக்கொண்டிருந்தார்கள். மனிதர் தூங்கி வெகுகாலம் ஆகியிருந்தது. கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. சிங்காண்டி அவரைப் பார்த்துவிட்டு, அஞ்சுகத்தின் பக்கம் திரும்பிக் கண்ணைக் காட்டினான். அவள் அதற்குமேல் காத்திருக்கவில்லை.

“ஐயா, தூக்கமில்லாம இருக்கீங்க போல. எங்க வீட்டப் பாக்குறீங்களா?”

“அரசர் பார்க்கிற வீடாச்சே தாயி? பயமா இருக்காது?”

“யாருக்கு பயம்? கள்ளனுக்குத்தான பயம்! அண்ணாந்து பாருங்க. வாளை ஓங்கிக்கிட்டு, கண்ணு இமைக்காம, ராவும் பகலும் மகாராஜாவே நின்னு காவல் பாக்குறாரு. சுத்தி வேல்காரங்க. இந்தச் சுவத்துல எவன் கன்னம் வைப்பான்?”

பச்சையப்பர் அண்ணாந்து பார்த்தார். வாளைப் பார்த்தார். வேல்களைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. ஆனால் வியாபாரி அல்லவா? “படுக்கறப்ப காலு?” என்றார்.

“குடிமக்கள் காலை நீட்டி உறங்கவே தாம் விழித்திருப்பதாக அரசரே சபையில் சொல்லிவிட்டார். நீட்டாவிட்டால்தான் குற்றம்!” என்றான் சிங்காண்டி.

பச்சையப்பர் உள்ளே போய்க் கூடத்தில் காலை நீட்டிப் படுத்துப் பார்த்தார். அங்கேயே தூங்கிப்போனார். குறட்டை முரசையே மிஞ்சியது. எழுந்ததும் ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டு, அவர்கள் மதித்த விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தார். பணத்தை முந்தானையில் முடிந்துகொண்ட அஞ்சுகம், வெளியே வந்து சிலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன அவளுக்கு.

இதற்கிடையே அரண்மனையில் உண்மையான அரசர் கண் விழித்தார். துயிலெழுப்பப் பாட ஆளில்லை. பல் துலக்கத் தண்ணீர் இல்லை. சமையலறையில் ஒரு பூனைதான் இருந்தது. வயதான வாயிற்காவலன் ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

“யானை எங்கே? பல்லக்கு எங்கே? எல்லாரும் எங்கே?” என்று கர்ச்சித்தார்.

“தாங்கள் மந்திரி வீட்டில் எழுந்தருளியிருக்கிறீர்கள், மகாராஜா. எல்லாரும் தங்களுக்குப் பணிவிடை செய்யப் போயிருக்கிறார்கள்.”

அரசர் பசியோடு, கட்டிய வேட்டியோடு, தெருவில் நடந்தே போனார். மந்திரி வீட்டு வாசலில் அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த வெளியூர்க் காவலன் கையில் இருந்த வேலைக் குறுக்கே நீட்டினான்.

“யாருய்யா நீரு?”

“நான் அரசன்!”

“நல்லாருக்கே கதை! மகாராஜா உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. அவருக்கு மீசை காதைத் தாண்டிப் போவும். உமக்கு எங்க போவுது? கன்னத்தோட நின்னுடுச்சே! ஓரமா போய் வரிசையில நில்லும்.”

அரசர் வாழ்க்கையில் முதல்முறையாக வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் ஓர் ஆடு நின்றது. சிங்காண்டிதான் ஓடி வந்து அவரை அழைத்துக்கொண்டு அஞ்சுகத்தின் வீட்டு வழியாகப் போனான். அடுப்படியைக் கடக்கும்போது அரசர் சன்னல் பக்கம் திரும்பினார். சன்னல் நிறைய ஒரு கண், உருண்டு திரண்டு, அவரையே முறைத்தது.

“அம்மாடி!” என்று அரசர் துள்ளிப் பின்வாங்கியதில் ஒரு குடம் உருண்டது.

அரசர் சன்னலைப் பார்த்தார், சிங்காண்டியைப் பார்த்தார், தம் மீசையைத் தொட்டுப் பார்த்தார். வயிற்றின் அடியிலிருந்து கிளம்பிய சிரிப்பு தோளைக் குலுக்கி, மீசையைக் குலுக்கி, கடைசியில் அவர் அம்மிமேல் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பக்கத்து அறையில் பச்சையப்பரும் சிரித்தார், எதற்கென்று தெரியாமலே.

அப்போது வச்சிரபாகு தலையில் வைக்கோலும் காலில் சேறுமாக ஓடி வந்து விழுந்தார். “அரசே! சிலையை எடுக்க உத்தரவு தாருங்கள்!”

“என்ன? வீடு தேடி வந்த அரசரைத் துரத்துவதா?” என்றான் சிங்காண்டி.

“அந்தக் காவலப் பாத்துத்தான் மகாராஜா இந்த வீட்ட வாங்கினேன். எடுக்கக் கூடாது!” என்றார் பச்சையப்பர்.

அரசர் தீர்ப்புச் சொன்னார். “நாளை முதல் அந்தச் சிலை நாம் அல்ல, வெறும் காவற்காரன். வச்சிரபாகு, பேராசைப்பட்டு ஒரு பெண்ணை அலைக்கழித்தீர். சிலை அங்கேயே நிற்கும். உடன் நிற்கும் இரண்டு காவலருக்கு உமது வீட்டிலேயே சோறு. அன்பை வெளியே காட்டச் சொன்ன எமது ஆணையும் இன்றோடு ரத்து. அஞ்சுகம், எமது பல்லக்கு உன்னைத் துறைமுகத்தில் சேர்க்கும்.”

பிறகு தம் முத்துமாலையைக் கழற்றிச் சிங்காண்டியின் கழுத்தில் போட்டார். சிங்காண்டி வணங்கினான், ஆனால் நகரவில்லை. சன்னல் வழியாக அந்தக் கண்ணைப் பார்த்தபடியே நின்றான்.

“இன்னும் என்ன, சிங்காண்டி?”

“அரசே, ஆணை ரத்தாவது நாளை முதல்தானே? இன்று பொழுது சாயும்வரை அவரும் அரசர்தான். தாங்கள் பரிசளித்துவிட்டீர்கள். அவர் இன்னும் அளிக்கவில்லை. அவர் செலவெல்லாம் யார் பொறுப்பு என்று சபையிலேயே தாங்கள் சொல்லியிருக்கிறீர்கள்.”

எல்லாரும் மந்திரியைப் பார்த்தார்கள். வச்சிரபாகு தம் கழுத்தில் இருந்த முத்துமாலையை, ஒவ்வொரு முத்தாகத் தடவிப் பார்த்துக்கொண்டே கழற்றினார். அரசரின் சிரிப்பு மறுபடி கிளம்பி, மதிலைத் தாண்டி, தெருமுனைவரை கேட்டது. காற்றும் அன்று திரும்பவில்லை. அஞ்சுகத்தின் கப்பல் பாய் விரித்துப் புறப்பட்டது. அவர்கள் எல்லாரும் சுகமாக இருந்தார்கள், கேட்ட நாமும் சுகமாக இருப்போம்.