மூங்கில்பாறையில் யாரும் மரம் வெட்டவில்லை

மூங்கில்பாறைச் சரிவில் மரம் வெட்டுவதற்கான ஏலம் முடிந்துவிட்டது. ஆனாலும் அழிந்துவரும் உயிரினம் ஒன்றாவது அங்கே குடியிருப்பதாகக் கணக்கெடுப்புக் குழு சொல்லிவிட்டால், ஒரு மரத்தையும் வெட்டக்கூடாது என்பது உத்தரவு. ஆக, காட்டின் தலையெழுத்து மூன்று பேர் கையில் இருந்தது.

குழுத் தலைவர் திருமேனிநாதன். உதவியாளர்கள் பொன்னுரங்கமும் அமிர்தகடேசனும். மூவரும் இதற்கு முன் தெருவிளக்குக் கணக்கெடுத்தவர்கள். நண்பகலில் எண்ணிப் பார்த்து, ஊரில் ஒரு விளக்கும் எரியவில்லை என்று தெரிவித்தவர்கள்.

மேலதிகாரி இரண்டு விதிகள் சொல்லி அனுப்பியிருந்தார். கண்ணால் பார்த்ததை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டும். விலங்குகளின் கண்ணில் நீங்கள் படக்கூடாது.

கண்ணில் படாமல் இருப்பதற்காக மூவரும் தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு நடந்து, ஒருவர் பின் ஒருவராக ஓடையில் விழுந்தார்கள். எழுந்து பார்த்தால், கரையில் ஒரு சிங்கவால் குரங்கு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஐயா, நாம தேடி வந்ததே இதைத்தானே?" என்றார் பொன்னுரங்கம்.

"தெரியுதுய்யா. ஆனா அது நம்மளைப் பார்த்துட்டுதே. செல்லாது."

"திரும்பி உட்காரச் சொல்லிப் பார்க்கலாமா?"

"சொன்னா, நாம இருக்கிறது அதுக்குத் தெரிஞ்சிடும்" என்றார் திருமேனிநாதன்.

அடுத்து ஒரு மலைப்பாம்பு. அது கண்ணை மூடியதும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று எதிரே உட்கார்ந்து காத்திருந்தார்கள். பாம்புக்கு இமை கிடையாது என்பது குழுவில் யாருக்கும் தெரியாது. பொழுது சாய்ந்ததும் பாம்பு சலித்துப்போய் ஊர்ந்து சென்றுவிட்டது.

மறுநாள் ஓர் உயரமான மரத்தில் ஆண் இருவாச்சி ஒன்று அத்திப்பழத்தோடு வந்து இறங்கியது. மண் பூசி அடைத்த பொந்தின் இடுக்கிலிருந்து ஓர் அலகு நீண்டு பழத்தை வாங்கிக்கொண்டது. உள்ளே பெட்டை அடைகாத்துக்கொண்டிருந்தது.

ஆண் பறவை அவர்களைப் பார்த்துவிட்டதால் அதைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டார்கள். பெட்டை பார்க்கவில்லை. ஆனால் இவர்கள் பார்த்ததும் அலகை மட்டும்தான். அலகைப் பறவை என்று சொல்லிவிட முடியாது என்றார் அமிர்தகடேசன். முழுப் பறவையையும் பார்த்தாக வேண்டும். மூவருக்கும் மரம் ஏறத் தெரியாது.

ஆகவே மரத்தைக் கீழே இறக்குவது என்று முடிவானது.

"கணக்கு முடியாம வெட்டக்கூடாதுன்னு உத்தரவு இருக்குதுங்களே?" என்று கேட்டார் பொன்னுரங்கம்.

"அது மரம் வெட்டுறவனுக்கு. நாம கணக்கெடுக்கிறவங்க" என்றார் திருமேனிநாதன்.

ஏலம் எடுத்த காண்டிராக்டர் லோகிதாசன் காட்டோரத்தில் லாரிகளோடு காத்துக்கிடந்தார். விஷயத்தைக் கேட்டதும் ரம்பம், ஆட்கள், டீ எல்லாவற்றையும் உடனே அனுப்பிவைத்தார். மரம் சாய்ந்தது. இறகு உதிர்ந்த பெட்டை, உடைந்த பொந்திலிருந்து தட்டுத்தடுமாறி வெளியே வந்து மூவரையும் முறைத்தது.

"பார்த்துட்டுது" என்றார் திருமேனிநாதன் வருத்தத்தோடு. "அடுத்த மரம்."

அப்படியே மரம் மரமாகச் சரிவு முழுவதும் இறங்கியது. எந்தப் பொந்திலிருந்து எது வந்தாலும் முதல் வேலையாக இவர்களைத்தான் பார்த்தது. அத்திப்பழம் கொண்டுவந்த ஆண் இருவாச்சிக்கு இறங்க ஒரு கிளையும் இல்லை. அது சுற்றிச் சுற்றிப் பறந்தது. குழு அதைக் கவனிக்கவில்லை. அது ஏற்கெனவே தள்ளப்பட்ட பறவை.

கடைசி மரத்தின் பொந்தில், கண் திறக்காத இருவாச்சிக் குஞ்சு ஒன்று இருந்தது. அது அவர்களைப் பார்க்கவில்லை. அவர்கள் அதை முழுசாகப் பார்த்தார்கள். காட்டைக் காப்பாற்றிவிட்ட நிறைவில் திருமேனிநாதன் லோகிதாசனைக் கூப்பிட்டார்.

"காண்டிராக்டரே, இனிமே இங்க ஒரு மரத்தையும் வெட்டக்கூடாது" என்றார்.

லோகிதாசன் படுத்துக்கிடந்த காட்டை ஒருமுறை பார்த்தார். "வெட்ட மாட்டேனுங்க. தூக்கிட்டு மட்டும் போறேன்."

மூவரும் தள்ளிப்போய் ஆலோசித்தார்கள். தூக்கக்கூடாது என்று உத்தரவில் இல்லை. இருந்தாலும் தங்களை யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்று செக்போஸ்ட்டில் நின்று ஒவ்வொரு லாரியையும் மறித்துச் சோதித்தார்கள். கடைசி லாரியில் மரங்களுக்கு அடியில் ஒரு கோடரி தெரிந்தது. மரங்களையெல்லாம் இறக்கச் சொல்லி, கோடரியைப் பறிமுதல் செய்தார்கள். பிறகு மரங்களைத் திரும்ப ஏற்றுவதற்கு மூவரும் தோள்கொடுத்தார்கள்.