தொட்டில் சட்டம்

முன்னொரு காலத்தில், சிரிப்புச் சத்தமே கேட்காத ஓர் அரண்மனை இருந்தது. அரசரின் மூத்த பிள்ளை பல் முளைக்கிற வயதில் வாந்தியெடுத்துத் துவண்டு இறந்துபோனது. செவிலி செவந்திதான் பாலில் விஷம் கலந்தாள் என்றார் பிரதானி நாகதேவர். அவளைச் சிறையில் தள்ளினார்கள். அதோடு விடாமல் நாகதேவர் ஒரு சட்டமும் போடவைத்தார். அரச பிள்ளையின் வாய்க்குள் எது போனாலும், அதைக் கொடுத்தவர் முதலில் தம் வாயில் வைத்துக் காட்ட வேண்டும்.

பிறகு இளைய பிள்ளை பிறந்தது. அதற்குப் பல் அரும்பிய சமயத்தில் நாகதேவர் மறுபடியும் ஒரு மரத்தொட்டிலைக் காணிக்கையாகக் கொண்டுவந்தார். மூத்ததற்குக் கொடுத்ததைப் போலவே பொன்னாக மின்னும் மஞ்சள் தொட்டில். அதில் பிள்ளையை இடும் நாளில் அரசருக்கு ஒரு விபரீத ஆசை வந்தது. விகடன் மருதக்கூத்தனைக் கூப்பிட்டார்.

"கூத்தா, இன்று சபையில் என்னைச் சிரிக்க வை. மாலையில் செவந்தியை யானைக் காலில் இடப்போகிறோம். நான் சிரிக்காவிட்டால் நீயும் அவள் பக்கத்தில் படுத்துக்கொள்."

"யானைக்கும் வேடிக்கை வேண்டுமல்லவா, பிரபு?" என்றார் நாகதேவர்.

மருதக்கூத்தனுக்கு ஒரு வேடிக்கையும் தோன்றவில்லை. முகத்தில் பூசிய மஞ்சள் அரிதாரம் வியர்வையில் வழிய, சிறைக்குப் போனான்.

"ஏன் செவந்தி, அந்தப் புள்ளைக்குப் பாலைத் தவிர வேற என்ன குடுத்தே?"

"ஒண்ணும் குடுக்கலண்ணே. பல்லு ஊறல்ல தொட்டிலைக் கடிச்சுக்கிட்டே கெடக்கும். வாயெல்லாம் மஞ்சளா இருக்கும். தொடைச்சுத் தொடைச்சு விடுவேன். சொன்னேன், யாரு கேக்குறா?" அவள் கம்பியருகே வந்தாள். "சின்னது எப்படி இருக்கு? அதுக்கும் பல்லு வந்துருச்சா?"

மருதக்கூத்தனின் உதடுகள் தாமாக உள்ளே மடிந்துகொண்டன. அரிதாரம் பூசுகிறவர்கள் அப்படி மடித்துக்கொண்டுதான் பூசுவார்கள். அது வாய்க்குள் போகக் கூடாத சரக்கு. அங்கிருந்து நேரே பழைய சாமான் அறைக்கு ஓடினான்.

சபை கூடியது. தாதி இளவரசனைத் தொட்டிலருகே கொண்டுவந்தாள். பிள்ளை எச்சில் ஒழுக இரண்டு கைகளையும் நீட்டியது.

"நில்லுங்கள்!" என்றான் மருதக்கூத்தன். "பிரதானியார் சட்டத்தை மீறுகிறார், பிரபு. கொடுத்த பண்டத்தை இன்னும் வாயில் வைத்துக் காட்டவில்லை."

"என்ன பண்டம்?" என்றார் அரசர்.

"இதோ, இந்தச் சட்டம்." தொட்டிலின் மேற்சட்டத்தைத் தட்டினான். "இளவரசர் இதைத்தான் கடிக்கப்போகிறார். சட்டத்தைச் சட்டப்படி பிரதானியார் கடிக்கட்டும்."

சபையில் யாரோ களுக்கென்றார்கள். அரசரின் உதடு துடித்தது.

"மரத்தைக் கடிக்க நான் என்ன கரையானா?" என்றார் நாகதேவர்.

"நிறைய வேண்டாம் ஐயா. பச்சைப் பிள்ளை கடிக்கிற அளவு போதும்."

"கடியும், பிரதானி!" என்றார் அரசர்.

நாகதேவர் மண்டியிட்டார். தலைப்பாகை சரிந்தது. கன்றுக்குட்டிபோல வாயைத் திறந்தார். அரசர் வெடித்துச் சிரித்தார். சபையே சிரித்தது. மருதக்கூத்தன் சிரிக்கவில்லை.

திறந்த வாய் திறந்தபடியே நின்றது. பல் மரத்தில் படவேயில்லை. சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கியது.

"ஏன் கடிக்கவில்லை?" அரசரின் குரல் மாறியிருந்தது.

"மின்ன வேண்டுமென்று அரிதாரம் பூசச் சொன்னேன், பிரபு. அது விஷமென்று மூத்தவர் போன பிறகுதான் வர்ணக்காரன் சொன்னான்."

"பிறகும் ஏன் அதையே பூசினீர்?"

"நிறத்தை மாற்றினால்... ஏன் என்று கேட்பீர்களே."

மருதக்கூத்தன் சாமான் அறையிலிருந்து கொண்டுவந்த மூட்டையை அவிழ்த்து, மூத்த பிள்ளையின் பழைய தொட்டில் சட்டத்தை எடுத்து அரசர் மடியில் வைத்தான். அதில் ஓரிடத்தில் மட்டும் மஞ்சள் இல்லை. வெறும் மரம். மரத்தில் அரிசி பதிந்ததுபோல இரண்டு சின்னப் பல்தடங்கள். அரசர் அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

மாலையில் யானை வந்தது. செவந்திக்காக அல்ல.

"என்னைச் சிரிக்க வைத்துவிட்டாய். என்ன பரிசு வேண்டும்?" என்று கேட்டார் அரசர். அவன் செவந்தியின் விடுதலையையும் பிள்ளைக்கு ஒரு புதுத் தொட்டிலையும் கேட்டான்.

தச்சர்கள் பூவரசில் செய்தார்கள். கம்புகளுக்கு நடுவே பிள்ளையின் தலை நுழையாதபடி நெருக்கி, முனைகளை மழுக்கி, சிராய் இல்லாமல் இழைத்து, வர்ணமே பூசாமல் கொண்டுவந்து வைத்தார்கள்.

செவந்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அரசரைப் பார்க்கவில்லை. குனிந்து மேற்சட்டத்தை நறுக்கென்று கடித்தாள். அரசர் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. தம் முத்துமாலையைக் கழற்றி மருதக்கூத்தன் கழுத்தில் போட்டார்.

மருதக்கூத்தன் மாலையைப் பார்க்கவில்லை. நிமிர்ந்த செவந்தியின் உதட்டைத்தான் பார்த்தான். மஞ்சள் இல்லை. அவள் பிள்ளையைத் தொட்டிலில் இட்டாள்.