இலுப்பைப் பூ உதிரும் வரை

மழை பொய்த்த ஒரு வருஷம், மூங்கிலாற்றுக் காட்டில் வேலாயி என்று ஒரு முள்ளம்பன்றி குடியிருந்தாள். யாரையும் லேசில் நம்பாதவள். நல்ல கிழங்கென்று யாராவது கொண்டுவந்து நீட்டினால்கூட முதலில் மோந்து பார்ப்பாள். அப்புறம் கொடுத்தவர் முகத்தைப் பார்ப்பாள். அதற்கும் பிறகுதான் வாயில் வைப்பாள். "சந்தேகம் பிடிச்சவ" என்று அக்கம்பக்கத்து வளைகளில் பேசிக்கொண்டார்கள். அது அவள் காதிலும் விழுந்தது. ஆறு வருஷமாக ஒரு கண்ணியிலும் மாட்டாமல் உயிரோடு இருப்பது அந்தச் சந்தேகத்தால்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த மாசியில் அவள் மறுபடி கருவுற்றாள்.

வளையில் ஏற்கெனவே இரண்டு குட்டிகள். இரண்டும் இன்னும் பால் மறக்கவில்லை. போன பிரசவத்தில் ஒன்பது நாள் ரத்தம் நிற்காமல் செத்துப் பிழைத்திருந்தாள். கிழங்கெல்லாம் தண்ணீரைத் தேடி ஆழத்துக்குப் போய்விட்டிருந்தது. ஏன் வேண்டாமென்கிறாய் என்று கேட்டால் இந்த மூன்றையும் சொல்வாள். நாலாவதாக இன்னொன்றும் இருந்தது. அதை அவள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

புருஷன் சிலம்பன் நல்லவன், பயந்தவன். "நீ என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம்" என்று சொல்லிவிட்டுக் கிழங்கு தோண்டப் போய்விட்டான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாறை மேட்டில் ஒரு கசப்பு வேர் கிடைக்கும். இலுப்பை மரம் பூத்து உதிர்கிற நாட்களில் அதைத் தின்றால் கரு கலைந்துவிடும். கடைசிப் பூ உதிர்ந்த பிறகு தின்றால் தின்றவளே போய்விடுவாள். வேரைக் காத்து வந்தவள் சங்கிலியம்மா என்ற உடும்பு வைத்தியச்சி. நாளுக்குள் வந்து கேட்பவளுக்கு வேர் கொடுக்க வேண்டும், வேறு யாருடைய சம்மதமும் தேவையில்லை என்பது காட்டுச் சட்டம்.

சட்டம் இருந்ததே தவிர, அதைப் பற்றிய சண்டை ஓயவில்லை. ஆற்றுத்துறையில் தினமும் இரண்டு கூட்டம் எதிரெதிராக நின்று கத்தும். "கருவுக்குக் காடே காவல்!" என்று ஒரு கூட்டம். "உடம்பு அவளுடையது!" என்று ஒரு கூட்டம். வேலாயி அந்த வழியாகத்தான் போனாள். அவள் தண்ணீரில் இறங்கத் தடுமாறியதை இரண்டு கூட்டத்திலும் யாரும் பார்க்கவில்லை.

"வைத்தியச்சி இடத்துல மூணு செம்மண் கோடு போட்டிருக்கும்" என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அக்கரை ஏறி நூறு அடி போனதும் ஒரு மூங்கில் புதர். வாசலில் பளிச்சென்று மூன்று செம்மண் கோடு. உள்ளே நல்ல நிழல், இலைத் தொன்னைகளில் குளிர்ந்த தண்ணீர். அங்கிருந்த புறாக்களில் சாம்பல் நிறத்தவள் ஒருத்தி எழுந்து வந்தாள். பெயர் மாடத்தி.

"வாங்கக்கா. வெயில்ல நடந்து வந்திருக்கீங்களே, உக்காருங்க."

"உடும்பு வைத்தியச்சி இருக்காங்களா?"

"எல்லாம் இங்கதான்க்கா. மொதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க."

நான் கேட்டது ஒன்று, இவள் சொன்னது ஒன்று என்று வேலாயியின் மனசில் ஒரு முள் எழுந்தது. ஆனால் தாகம். குடித்தாள்.

மாடத்தி அவள் வயிற்றில் காதை வைத்தாள். வைத்தவள் கண் கலங்கிப் போனாள். "துடிக்குதுக்கா. எவ்வளவு சின்னதா, எவ்வளவு வேகமா!"

அந்தக் கண்ணீரை வேலாயி உற்றுப் பார்த்தாள். அது நிஜமான கண்ணீர். அதுதான் அவளை அதிகமாகக் குழப்பியது.

"வேர் வேணும்னு வந்தேன்" என்றாள்.

"தர்றதுக்கு முன்னாடி சொல்ல வேண்டியதைச் சொல்லணும்ல? வேர் தின்னவங்களுக்கு முள்ளெல்லாம் கொட்டிப்போயிடும்க்கா. அப்புறம் ஜென்மத்துக்கும் குட்டி தங்காது. யோசிச்சுட்டு வாங்க. வரும்போது வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க, அவர் சம்மதம் வேணும்."

"சட்டத்துல அப்படி இல்லையே."

"இங்க அதுதான்க்கா வழக்கம்."

வேலாயி வாசல்வரை போய்த் திரும்பினாள். "இலுப்பை இன்னும் உதிருதா?" அவள் வளைப் பக்கம் இலுப்பை மரமே கிடையாது.

"ஏகமா உதிருது. இந்தாங்க." மாடத்தி ஒரு தொன்னையிலிருந்து பூவை அள்ளிக் கொடுத்தாள். வேலாயி குட்டிகளுக்கென்று வாங்கிக்கொண்டாள்.

மூன்று நாள் கழித்துச் சிலம்பனை இழுத்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கு, அந்த இடத்தை நடத்துகிற சபையின் தலைவர் வந்திருந்தார். குயிலையா. அவர் பேசினால் பேச்சே பாட்டு மாதிரி இருக்கும். உயிரின் மகிமையைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார். சிலம்பன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

வேலாயி நடுவில் புகுந்தாள். "ஐயா, நீங்க எத்தனை முட்டை அடை காத்திருக்கீங்க?"

குயிலையா சிரித்தார். "நான் ஆண்பிள்ளை அல்லவா அம்மா?"

"உங்க வீட்டம்மா?"

அவர் சிரிப்பு நின்றது. "ஐந்து நாள் கழித்து வாருங்கள். மூத்த வைத்தியர் வருவார்" என்றார்.

"இலுப்பை?"

"கவலையே படாதீங்கக்கா" என்று மாடத்தி மறுபடி ஒரு கை பூ கொடுத்தாள்.

வழியில் சிலம்பன், "நல்லவங்களாத்தான் தெரியுது. பெத்துக்கத்தான் சொல்றாங்க போல. யோசிக்கலாமா?" என்றான்.

"பெத்துக்கச் சொன்னா சொல்லட்டும். அதை ஏன் நேரா சொல்ல மாட்டேங்கிறாங்க? வைத்தியச்சியை இதுவரைக்கும் நீ கண்ணால பார்த்தியா?"

சிலம்பன் யோசித்தான். "இல்லை."

"நானும் பார்க்கலை."

ஐந்து நாளும் அவளுக்குச் சரியாகத் தூக்கமில்லை. வயிறு லேசாகக் கனக்கத் தொடங்கியிருந்தது. எட்டாம் நாள் தனியாகப் போனாள். மூத்த வைத்தியர் வரவில்லை. நாலு நாள் பொறுக்கச் சொன்னார்கள். வழக்கம்போலப் பூ வந்தது.

இந்தத் தடவை அவள் அதைக் குட்டிகளுக்கென்று எடுத்து வைக்கவில்லை. மூக்கருகே கொண்டுபோனாள்.

அன்றன்று உதிர்ந்த இலுப்பைப் பூ தலையைச் சுற்றுகிற மாதிரி மணக்கும். தொட்டால் பிசுபிசுக்கும். இதில் மணமில்லை. பழுப்பேறியிருந்தது. விரல் நடுவே அமுக்கினாள். தேன் வரவில்லை, வெறும் தண்ணீர் வடிந்தது.

வேலாயியின் முதுகு முள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தது.

"இது போன வருஷத்துப் பூ. காய வெச்சு ஊற வெச்சிருக்கீங்க."

மற்றப் புறாக்கள் மூலைக்கு ஒதுங்கின. மாடத்தி மட்டும் நகரவில்லை.

"இலுப்பை உதிர்ந்து முடிஞ்சிருச்சா?" வேலாயியின் குரல் நடுங்கியது. "உண்மையைச் சொல்லு. நான் நாலு நாள் கழிச்சு எங்கேயாவது வேரைத் தேடிப் புடிச்சுத் தின்னிருந்தா செத்திருப்பேன். ரெண்டு குட்டி வளைக்குள்ள கிடக்கு. அதுங்க உனக்கு உயிரா தெரியலையா?"

"தேதி போயிட்டா நீங்க வேரை விட்டுருவீங்கன்னு நினைச்சேன்" என்றாள் மாடத்தி. "ஒரு உயிருக்காக ஒரு பொய் சொன்னேன்க்கா. என்னைக் குத்தணும்னா குத்துங்க. என் கூட்டுல ரெண்டு முட்டை இருந்துச்சு. பாம்பு வந்தப்ப நான் இரை தேடப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தா ஓடுகூட இல்லை. அன்னையிலேர்ந்து எந்த வயித்தைப் பார்த்தாலும் எனக்கு..." அவளால் முடிக்க முடியவில்லை.

வேலாயி அவளையே பார்த்தாள். இதுவும் ஊற வைத்த கதையோ என்றுதான் முதலில் நினைத்தாள். அந்த அலகு நடுங்கிய விதத்தைப் பார்த்து, இல்லை என்று முடிவு செய்தாள்.

"இதை நீ மொத நாளே சொல்லியிருக்கலாம்" என்றாள். "உக்காந்து கேட்டிருப்பேன். உன்கூடச் சேர்ந்து அழுதிருப்பேன். ஒருவேளை யோசிச்சுக்கூடப் பார்த்திருப்பேன், யாருக்குத் தெரியும்? இப்ப, துடிக்குதுன்னு நீ சொன்னதைக்கூட நான் எப்படி நம்புவேன்?"

மாடத்தி தலை குனிந்தாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "பாறைமேட்டுக் கடைக்கோடி மரம் ஒண்ணு இன்னும் உதிருது. இன்னைக்கு ஒரு நாள்தான் வரும்" என்றாள்.

இதை நம்புவதா? வேலாயி நம்பவில்லை. ஆனாலும் ஓடினாள். மேட்டுப் பாதை நெடுக மைனாக்கள் உட்கார்ந்துகொண்டு "கொலைகாரி, கொலைகாரி" என்று கத்தின. கனத்த வயிற்றோடு, மூச்சு வாங்க, அவள் பாறையைத் தொட்டபோது உச்சி வெயில். பாறையில் மூன்று கோடு. மழையிலும் வெயிலிலும் வெளுத்துப் போன பழைய கோடுகள். பக்கத்தில் இலுப்பை மரம் கிட்டத்தட்ட மொட்டையாக நின்றது. அதன் உச்சிக் கிளையில் ஏழெட்டுப் பூ. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று உதிர்ந்தது. எடுத்து மோந்தாள். தலை சுற்றியது.

சங்கிலியம்மா பாறை இடுக்கிலிருந்து தலையை நீட்டினாள். இனிப்பான முகமில்லை. "லேட்டா வந்திருக்க."

"வர விடலை. உனக்கு இதுல என்ன லாபம்?"

"லாபமா?" உடும்பு நாக்கை நீட்டி இழுத்துக்கொண்டாள். "பகலெல்லாம் அந்த மைனாக்கள்கிட்ட வசவு வாங்குறேன். பார்த்தியா இல்லையா?"

"வேர் தின்னா முள் கொட்டுமா?"

"கொட்டாது. வலிக்கும். ரெண்டு நாள் நல்லாவே வலிக்கும். மூணாம் நாளும் ரத்தம் நிக்கலைன்னா ஆள் அனுப்பு."

"அப்புறம் குட்டி தங்காதாமே?"

"தங்கும். இப்ப நான் ஒண்ணு கேக்குறேன். உன்னை யாராவது இங்க தள்ளிவிட்டாங்களா?"

வேலாயிக்கு மறுபடி சந்தேகம் வந்தது. "எதுக்குக் கேக்குற?"

"போன வாரம் ஒரு கீரிப்பொண்ணை அவ மாமியார் இழுத்துட்டு வந்தா, வேர் குடுன்னு. அந்தப் பொண்ணு வாயே திறக்கலை. மாமியாரை அந்தப் பக்கம் போகச் சொல்லிட்டு அவகிட்ட கேட்டேன். பெத்துக்கணும்னு சொன்னா. திருப்பி அனுப்பிட்டேன். அதனாலதான் கேக்குறேன்."

"என்னை யாரும் தள்ளலை" என்றாள் வேலாயி. "நானா வந்தேன்."

சங்கிலியம்மா வேரை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேலாயி அந்த வேரை நான்கு பக்கமும் மோந்தாள். நாலாவது காரணம் அவள் மனசுக்குள் வந்து நின்றது. பிறகு தின்றாள். அவ்வளவு கசப்பை அவள் அதற்கு முன் அறிந்ததில்லை.

இரண்டு நாள் வலித்தது. சிலம்பன் குட்டிகளைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு வளை வாசலிலேயே கிடந்தான். மூன்றாம் நாள் ரத்தம் நின்றது. அவள் அழுதாள். அது வருத்தமா நிம்மதியா என்று சிலம்பன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டும்தான் என்று சொல்லியிருப்பாள். நாலாம் நாள் எழுந்து கிழங்கு தோண்டப் போனாள்.

விஷயம் வெளியே தெரிந்ததும் ஆற்றுத்துறைக் கூட்டங்கள் இரண்டுமே அவளைத் தேடி வந்தன. ஒரு கூட்டம் அவள் பாவத்தை அவள் வாயாலேயே சொல்லச் சொன்னது. இன்னொரு கூட்டம் அவளைத் தூக்கி வைத்து ஊர்வலம் போகப் பார்த்தது. இரண்டுக்கும் அவள் முதுகைக் காட்டினாள். முள்ளம்பன்றி முதுகைக் காட்டினால் என்ன அர்த்தம் என்று காட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த வருஷம் பங்குனியில் ஒரு செய்தி வந்தது. மாடத்தி அந்தச் சபையை விட்டுவிட்டாளாம். ஆனாலும் பாதை பிரியும் இடத்தில் ஒரு கல்லின் மேல் தனியாக உட்கார்ந்து, போகிறவர்களிடம் என்னவோ பேசுகிறாளாம்.

வேலாயிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் விடிந்ததும் போய்ப் பக்கத்துக் காரைச் செடிக்குள் பதுங்கினாள். ஒரே ஒரு பொய் சொன்னாலும் பாய்ந்து வெளியே வந்துவிடுவது என்று காத்திருந்தாள்.

வயிறு தெரியாத இளம் முயல் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்தாள். மாடத்தி கல்லிலிருந்து இறங்கினாள்.

"வைத்தியச்சியைத் தேடுறியாம்மா?"

முயல் தலையாட்டினாள்.

"நேரா போனா பாறைமேடு. வெளுத்துப்போன மூணு கோடு இருக்கும். நல்லா ஞாபகம் வெச்சுக்கோ, பளிச்சுனு இருக்கிற கோடு இல்லை. இலுப்பைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு. நீயே போய் மரத்தைப் பார்த்துக்கோ. வலிக்கும்னு சொன்னாங்க, ஆனா முள்ளோ மயிரோ கொட்டாது. யாரையும் துணைக்குக் கூட்டிட்டு வர வேண்டியதில்லை."

வேலாயி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் உண்மை.

"நீங்க வைத்தியச்சி ஆளா?" என்று கேட்டாள் முயல்.

"இல்லைம்மா. நீ வேர் தின்னக் கூடாதுன்னுதான் எனக்கு ஆசை. என்கிட்ட ஒரு கதை இருக்கு. என் முட்டைங்களைப் பத்தினது. கேக்க இஷ்டமிருந்தா சொல்றேன். இல்லைன்னா உனக்கு நேரமாகுது, நீ கிளம்பு."

முயல் காதை ஒரு தரம் அசைத்தாள். பிறகு உட்கார்ந்தாள். மாடத்தி சொன்னாள். மெதுவாக, எதையும் கூட்டாமல், கூட்டைவிட்டுப் போன அந்தக் காலையிலிருந்து சொன்னாள். நடுவில் ஒரு முறை அவள் குரல் உடைந்தது. செடிக்குள்ளே வேலாயியின் கண்ணும் நனைந்தது.

கதை முடிந்தது. முயல் எழுந்து நடந்தாள்.

அவள் எந்தப் பாதையில் போனாள் என்று மாடத்தி திரும்பிப் பார்க்கவில்லை.