மஞ்சப்பைக்குள் சப்போட்டா

மலையடிவாரத்தில் பூரணி சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி வந்தாள். பாடம் நடத்தப் பழக அவளிடம் சீடராகச் சேர்ந்தவர் நயினார். அவளைவிட வயதில் மூத்தவர். தென்காசிச் சந்தையில் பழக்கடை போட்டு, சண்டை பிடித்தே தலையெடுத்த மனுஷன்.

"இத்தனை வருஷம் கத்தியாச்சு. பிள்ளைக பக்கத்துல உக்காந்தா கோபம் வரமாட்டேங்கு" என்று சொல்லி, கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்.

அன்று அவருக்கு முதல் வகுப்பு. முதல் வகுப்பில் தேறாதவர்களைப் பூரணி வைத்துக்கொள்வதில்லை.

பாடம் பெரிதில்லை. மஞ்சப்பைக்குள் ஒரு பழம். பிள்ளைகள் கண்ணை மூடிக் கையை உள்ளே விட்டு, தடவிப் பார்த்து, என்ன பழம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு பிள்ளையும் பைக்குள் கையை விடவில்லை.

வெயில் ஏற ஏற நயினார் வாசலையே பார்த்தார். பூரணி வரும் நேரம்.

"ஏட்டி கோமு, நீ வா தாயி. கையை விடு."

கோமு ஒற்றை விரலைப் பைக்குள் நுழைத்தாள்.

"மெதுவா! பையத் தொடு, நசுங்கிரும்!"

விரல் வெளியே வந்துவிட்டது.

வாசலில் பூரணி நின்றிருந்தாள்.

"என்ன அண்ணாச்சி, இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"பிள்ளைக தொடமாட்டேங்குதுக அம்மா. பழத்துல ஒரு குறையும் கிடையாது. நானே பொறுக்கி எடுத்தது. முதல் தரம்."

"அப்படியா?"

அவள் உட்கார்ந்தாள். பைக்குள் கையை விட்டுச் சப்போட்டாவை எடுத்தாள். கட்டைவிரலால் ஓர் அமுக்கு.

"அமுக்காதீங்க!" நயினார் போட்ட சத்தத்தில் கூரைமேல் இருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன. "வாங்குனா மட்டும் தொடு..."

வாய் பாதியில் நின்றது. கடையில் தினமும் போட்ட சத்தம் அது.

பிள்ளைகள் அத்தனை பேரும் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தார்கள். கோமுவின் உதடு துடித்தது.

பூரணி நசுங்கிய பழத்தை அவர் உள்ளங்கையில் வைத்தாள். விரலிடுக்கில் கூழ் வழிந்தது.

நயினார் பழத்தைப் பைக்குள் திரும்பப் போட்டார்.

"எனக்கு இது ஆகாது அம்மா. சாயங்கால பஸ்ஸுல கடைக்கே திரும்பிப் போயிருதேன்."

"திரும்பிப் போகணும்னா, முதல்ல அங்கேருந்து வந்திருக்கணுமே அண்ணாச்சி" என்றாள் பூரணி. "பையை விரிச்சுப் பிடிங்க. கோமு நிக்கா."