ஒரு கேள்விக்கு ஒன்பது பதில்

கோமதிநாயகம் வேலை பார்த்த பிரிவை மூடியபோது அவருக்கு வயது நாற்பத்தேழு. கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. கெர்னல் பிரிவில் ஷம்சாத் என்ற பெண்ணிடம் போய்க் கற்றுக்கொள்ளச் சொன்னது. மாதக் கடைசியில் மேனேஜர் பார்ப்பார், தேறினால் இருக்கலாம்.

ஷம்சாத் அவரைவிட ரொம்பவே இளையவள். முதல் நாள் அவர் அவளை "டீச்சர்" என்று கூப்பிட்டது பாதி கேலிதான். அவள் சிரிக்கவில்லை.

"உக்காருங்க அண்ணாச்சி."

டீச்சர் என்ற பெயரே நிலைத்துவிட்டது. கேலி மட்டும் சில நாளில் போய்விட்டது.

பாளையங்கோட்டையில் இருந்த அந்தக் கம்பெனி, ஒரே கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் உட்கருவை, வைத்துப் பலவித மிஷின்களுக்கு இயங்குதளம் கட்டித் தந்தது. வயலில் பம்புசெட்டை இயக்கும் சின்னப் பெட்டிக்கும் அதுதான், மழைக் கணிப்புப் போடும் பெரிய மிஷினுக்கும் அதுதான். கட்டும்போதே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இந்த மிஷினில் அதிகபட்சம் எத்தனை பிராசசர், அதாவது கணக்குப் போடும் சில்லு, இருக்கும்? அத்தனைக்குத்தான் கெர்னல் இடம் ஒதுக்கும்.

அந்த ஒரு கேள்விக்கு நிரலுக்குள் ஒன்பது இடத்தில் பதில் கிடந்தது. ஆளாளுக்கு அவசரத்தில் எழுதிவிட்டுப் போனது. மிஷின்கள் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தன. புதிதாக ஒரு மிஷின் வரும்போதுதான் எதை மாற்ற, எதை விட என்று தெரியாமல் எல்லோரும் திண்டாடினார்கள்.

"இதை ஒழுங்கு பண்ணுங்க" என்றாள் ஷம்சாத்.

"சரியான எண் எது, டீச்சர்?"

"பண்ணுங்க. தெரிஞ்சுரும்."

கோமதிநாயகம் அன்று சாயங்காலமே முடித்துவிட்டார். பெரிய எண்ணாக ஒன்றை ஒரே இடத்தில் போட்டு, மற்ற எல்லாவற்றையும் அழித்தார். இடம் கூடுதலாக இருந்தால் யாருக்கு என்ன நட்டம்?

ஷம்சாத் அவர் கட்டியதைப் பம்புசெட் பெட்டியில் ஏற்றி, கரண்ட் கொடுத்தாள். பச்சை விளக்கு ஒருமுறை மினுங்கி அணைந்தது. பிறகு எரியவே இல்லை.

அவர் குனிந்து பார்த்தார். வராத பிராசசர்களுக்கெல்லாம் இடம் போட்டதில் பெட்டியில் இருந்த கொஞ்ச மெமரியும் தீர்ந்திருந்தது.

மறுநாள் நான்கு என்று போட்டார். பெட்டி எழுந்தது. பெரிய மிஷினில் ஏற்றினார். அதுவும் எழுந்தது.

"ரெண்டும் ஓடுது, டீச்சர்."

"எழும்பும்போது அது என்ன சொல்லிச்சுன்னு வாசிச்சீங்களா?"

அவர் வாசித்திருக்கவில்லை. யாரும் வாசிப்பதில்லை. ஓடுகிற மிஷினின் முணுமுணுப்பை யார் கேட்கிறார்கள்? திரையை மேலே தள்ளிக்கொண்டு போனார். வரம்பு நான்கு, அடுத்த பிராசசர் சேர்க்கப்படவில்லை. வரம்பு நான்கு, அடுத்த பிராசசர் சேர்க்கப்படவில்லை. அதே வரி திரை திரையாக ஓடியது.

"இதுகளுக்கு என்ன கோளாறு?"

"ஒரு கோளாறும் இல்ல."

"பின்ன?"

"நீங்க இடம் போடல."

கோமதிநாயகம் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். மூடுவதற்கு முந்தைய மாதங்களில் பழைய பிரிவில் அவர் மேசைக்கு ஒரு வேலையும் வரவில்லை. யாரும் ஒரு குறையும் சொன்னதில்லை. சம்பளம்கூட ஒழுங்காக வந்தது.

அதற்குப் பிறகு அவர் எண்ணைக் கேட்கவில்லை. ஒவ்வொரு மிஷினாகப் போய்ப் பார்த்தார். ஒவ்வொரு வகைக்கும் குறைந்தது எவ்வளவு, கூடினது எவ்வளவு, யாரும் சொல்லாவிட்டால் எவ்வளவு என்று ஒரே இடத்தில் எழுதினார். ஷம்சாத் திருப்பி அனுப்பினாள். ஒரு பெயர் விளங்கவில்லை என்றாள். திருத்திக் கொடுத்தார். இப்போது விளக்கம் நீளம் என்றாள். இன்னொரு தடவை காரணமே சொல்லாமல் அனுப்பினாள். அவரே தேடி, பெரிய மிஷின் ஒன்றை விட்டுவிட்டதைக் கண்டுபிடித்தார்.

கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல இருந்தது. ஒருநாள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அலுத்துப்போச்சு, டீச்சர்."

"எனக்கும்தான்" என்றாள் ஷம்சாத், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் முகத்தை அப்போதுதான் அவர் சரியாகப் பார்த்தார். சும்மா சொல்லவில்லை என்று தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

மாதக் கடைசிக்கு முந்தைய நாள் வேலை முடிந்தது. ஒவ்வொரு மிஷினுக்கும் பழையபடி ஒன்று, புதியபடி ஒன்று கட்டி, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கம்ப்யூட்டரில் கேட்டார். திரை வெறுமையாக நின்றது. கட்டளையைத் தப்பாகக் கொடுத்துவிட்டோமோ என்று திரும்பக் கொடுத்தார். வெறுமைதான்.

"டீச்சர், வித்தியாசமே வரல."

"எந்த மிஷின்ல?"

"எதுலயுமே. எல்லாம் முன்ன இருந்த மாதிரியேதான் இருக்கு."

ஷம்சாத் நாற்காலியை இழுத்துப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அப்போ சரியா இருக்கு. ஒன்பது பதில் ஒண்ணாச்சு, ஓடுற எதுவும் கெடல" என்று ஒப்புதல் கொடுத்தாள்.

கோமதிநாயகம் அந்த வெற்றுத் திரையைப் பார்த்தபடி இருந்தார்.

"நாளைக்கு மேனேஜர், என்ன செஞ்சீங்கன்னு கேப்பாரு."

"கேப்பாரு."

"என்ன சொல்ல?"

"ஒண்ணும் மாறலன்னு சொல்லுங்க."

"அதுக்கா இத்தனை நாளுன்னு கேப்பாரே."

"ஆமான்னு சொல்லுங்க, அண்ணாச்சி."