யாரும் அளக்காத ஓடை

"இந்த ஓடையை யாரும் அளந்ததே இல்லை. பாலத்துக்கு நான் எப்படி அம்மா உயரம் சொல்வேன்?"

கேட்டவர் சடையப்பர். பாலம் கட்டும் வேதநாயகியிடம் தொழில் கற்க வந்தவர். குருவைவிடப் பத்து வயது மூத்தவர்.

அந்த மலைப்பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பாலத்துக்கு உயரம் சொன்னவர்தான் முதல் வெள்ளத்தன்று அதன் நடுவில் நிற்க வேண்டும். சடையப்பருக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

"பக்கத்து ஓடையில் அளவுக்கல் இருக்கிறது. அதில் ஐந்து முழத்துக்கு மேல் வெள்ளம் ஏறியதில்லை. இதுவும் அதே மலையில் பிறந்ததுதானே? ஏழு முழம் என்று சொல்லிவிடட்டுமா?"

"தாராளமாகச் சொல்லுங்கள். நிற்கப்போவது நீங்கள்தானே."



வேதநாயகி இரண்டு குடம் தண்ணீரைக் காட்டினாள். "ஒன்றை அந்த ஓடையின் சரிவில் ஊற்றுங்கள். இன்னொன்றை இந்த ஓடையின் சரிவில்."

சடையப்பர் மூச்சு வாங்க ஏறினார். பக்கத்து ஓடையின் சரிவு முழுக்கக் காடு. குடத்துத் தண்ணீரை இலைச்சருகு சத்தமில்லாமல் குடித்துவிட்டது.

இந்தப் பக்கம் மொட்டைப் பாறை. ஊற்றிய தண்ணீர் அவர் காலை நனைத்துவிட்டு அவருக்கு முன்னால் கீழே ஓடியது.

ஓட்டமாக இறங்கி வந்தார்.

"அம்மா, ஏழு என்று சொல்லியிருந்தால் நான் போய்ச் சேர்ந்திருப்பேன்!"

"சரி, இந்த ஓடை எதைப் போல?"

"தேடிப் பார்த்து வருகிறேன், அம்மா." வேதநாயகி கட்டுச்சோறு கொடுத்து அனுப்பினாள்.

பன்னிரண்டு நாள் கழித்து, செருப்பு தேய்ந்து, சிரித்த முகமாக வந்தார்.

"மூன்று ஊரில் மூன்று ஓடைகள். இதே மொட்டைப் பாறை, இதே சரிவு, இதே மழை. மூன்றுக்கும் அளவுக்கல் உண்டு. வெள்ளம் தொட்ட கோட்டைத் தடவியே பார்த்தேன். ஒன்பது முழம், பத்து, ஒன்பது."

"உயரம்?"

"பன்னிரண்டு."

வேதநாயகி மரம் வாங்கக் கிளம்பினாள்.

ஐப்பசியில் வெள்ளம் வந்தது. ஊரே கரையில் கூடி நின்றது. தண்ணீர் ஏழு முழத்தைத் தாண்டியது, ஒன்பதைத் தாண்டியது, பத்தில் நின்றது.

பாலத்தின் நடுவில் சடையப்பர் வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தார்.

"பயமாக இல்லையா?" கரையிலிருந்து வேதநாயகி கத்தினாள்.

"இந்த வெள்ளத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன், அம்மா!"

"எங்கே?"

"மூன்று ஊரில்!"

வேதநாயகி பாலத்தில் ஏறி நடந்து வந்து, கடலைக்குக் கை நீட்டினாள்.