பொட்டும் ஈரத்துணியும்

சோற்றுச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அடிப்பிடித்திருந்தது. எவ்வளவு உரஞ்சினாலும் வரவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து, சனம் சாப்பிட்டுப் போய்விட்டது. ஜெப மண்டபத்துக்கும் குசினிக்கும் நடுவில் சாப்பாடு நீட்டுகிற ஒரு சின்ன யன்னல் உண்டு. அது திறந்தே கிடந்தது. அங்கே பேசினால் இங்கே கேட்கும்.

குசினியில் நிற்கிறவளுக்குக் காது இருக்கும் என்று யார் நினைக்கிறார்கள்.

“சிஸ்டர், எனக்கு அலுத்துப்போச்சு,” என்றார் கிளமென்ற் அண்ணை.

சலோமி அக்கா பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தா. சுவிசுக்கு வந்து சேருகிற தமிழ் அகதிகளுக்குள் ஊழியம் செய்கிறவ அவ. காம்ப் காம்பாகப் போவா. கனக்கக் கதைக்கமாட்டா.

கிளமென்ற் அண்ணை ரெஸ்ரோரன்ட் வேலையை விட்டுவிட்டு அவவிடம் ஊழியம் பழக வந்தவர். வயதில் அவர்தான் மூத்தவர். ஆனாலும் அவவுக்கு முன்னால் இருக்கமாட்டார். நின்றுகொண்டுதான் கதைப்பார்.

“ஆரோடை அலுத்தது?”

“அந்தக் காம்ப் பிள்ளையோடை. கைக்குழந்தை வைச்சிருக்கிறவ. கோடை முழுக்க நடையாய் நடந்திட்டன். பாடுறா. முழங்காலிலை நிக்கிறா. வேதம் வாசிச்சால் அழுறா. பொட்டை மட்டும் அழிக்கமாட்டாவாம்.”

அந்தக் காம்ப் பிள்ளை நான்தான்.

எங்கள் சபையில் பெண்கள் பொட்டு வைப்பதில்லை. நகை போடுவதில்லை. ஏரியில் முழுகி ஞானஸ்நானம் எடுக்கிற அன்றைக்கு எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும். நகை என்னிடம் இல்லை. தாலி, எங்களை எல்லை கடத்திவிட்ட ஏஜென்சிக்காரனிடம் போய்விட்டது. மிஞ்சியது பொட்டு ஒன்றுதான்.

“தண்ணி குளிரப்போகுது சிஸ்டர். வாற ஞாயிறு விட்டால் பேந்து வசந்தத்துக்குத்தான்.”

“அந்த மேல் அறை?”

“முழுகினால்தானே அறை.”

மண்டபத்துக்கு மேலே ஓர் அறை சும்மா கிடந்தது. காய்ந்த அறை, சூடு வருகிற அறை. அது ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு மட்டும். கமிட்டி போட்ட சட்டம்.

காம்பில் எங்கள் சுவரெல்லாம் கறுப்பாகப் பூஞ்சணம். துடைத்தால் அடுத்த கிழமை திரும்ப வரும். என் பிள்ளை இருமி இருமி நெஞ்சு உள்ளே போகும். அந்த அறைக்காக நான் எதுவும் செய்வேன். இது ஒன்றைத் தவிர.

“ஏனாம் அழிக்கமாட்டா?”

“புருசன் வருவாராம். வாற வழியிலை இரவு லொறி மாத்தி ஏத்தினவங்களாம். இவவை ஒண்டிலை, அவரை மற்றதிலை. இவவின்ரை லொறி வந்திட்டுது.”

“மற்றது?”

“ஆருக்குத் தெரியும்.”

“அப்ப உங்களுக்கும் தெரியாது.”

“தெரியாது.”

“தெரிஞ்ச ஆள் மாதிரி ஏன் அழிக்கச் சொன்னனீங்கள்?”

கிளமென்ற் அண்ணை இருமினார்.

“இது செத்தவீட்டுக் கதை இல்லை சிஸ்டர். விசுவாசக் கதை. நான் அவவுக்கு வடிவாய் விளங்கப்படுத்தினன். அந்தப் பொட்டு நெத்தியிலை இருக்கிற வரைக்கும் பிள்ளையின்ரை இருமல் நிக்காது எண்டு.”

சொன்னவர்தான். என் கட்டிலில் இருந்துகொண்டு சொன்னார். நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு சொன்னார். எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. எனக்கு எப்பவும் வாய் வராது. அவர் போன பிறகு அந்தக் கோப்பையைத் திரும்பத் திரும்பக் கழுவினேன்.

சட்டியைப் போட்டு உரஞ்சினேன். கை எரிந்தது.

சலோமி அக்கா புத்தகம் அடுக்குவதை நிறுத்தினா.

“பிள்ளைக்கு முன்னாலையோ சொன்னனீங்கள்?”

“சின்னப் பிள்ளைதானே. விளங்காது.”



அவர் விடவில்லை. சூடாகிவிட்டார்.

“நீங்களும் ஒருகாலம் பொட்டு வைச்சனீங்கள்தானே சிஸ்டர். நீங்கள் அழிக்கேல்லையோ?”

“அழிச்சனான்.”

“அப்ப?”

“நான் பிரேதத்தைப் பாத்தனான்.”

மண்டபத்தில் கதிரை இழுபடுகிற சத்தம். அக்கா எழும்பிக் குசினிக்குள் வந்தா.

என்னைப் பார்த்தா. நான் நிற்பது அவவுக்கு முதலே தெரியும் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. என் தோளில் கிடந்த தட்டுத் துடைக்கிற துணியை எடுத்தா. பைப்பில் நனைத்தா. பிழிந்தா. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திரும்பிப் போனா.

“இந்தாங்கோ அண்ணை.”

“என்ன இது?”

“துணி. அவ உள்ளைதான் நிக்கிறா. போய் நீங்களே துடைச்சு விடுங்கோ.”

“நானோ?”

“உங்களுக்குத்தானே அவசரம். ஆனால் துடைக்க முதல் ஒண்டு சொல்லவேணும். உன்ரை புருசன் செத்திட்டார் எண்டு சொல்லவேணும். பெயரைச் சொல்லிச் சொல்லுங்கோ.”

“பெயர்…”

“அவரின்ரை பெயர் என்ன?”

சப்பாத்து தரையில் உரசுகிற சத்தம் கேட்டது.

“கோடை முழுக்கப் போனனீங்கள் அண்ணை.”

“நான் கேக்கேல்லை சிஸ்டர்.”

“போய்க் கேளுங்கோ.”

அவர் வந்தார்.

பெரிய உருவம். குசினி வாசலை மறைத்துக்கொண்டு நின்றார். துணியில் இருந்து தண்ணீர் அவருடைய சப்பாத்தில் சொட்டியது. மேடையில் நின்று ஜெபித்தால் மண்டபமே அதிரும். அந்த ஆள் என்னைப் பார்க்காமல் சட்டியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“தங்கச்சி… உங்கடை மனிசன்ரை பெயர் என்ன?”

எங்கள் ஊரில் பெண்கள் புருசன் பெயரைச் சொல்லமாட்டார்கள். நானும் சொன்னதில்லை. போலீசுக்கு எழுதித்தான் காட்டினேன். செஞ்சிலுவைக்காரிக்கும் எழுதித்தான் காட்டினேன்.

சட்டியைக் கீழே வைத்தேன். கையைத் துடைக்கத் துணி இல்லை. துணி அவரிடம் இருந்தது.

“யோகநாதன்,” என்றேன்.

என் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. மண்டபம் வரைக்கும் போயிருக்கும்.



நெற்றியில் விழுந்திருந்த மயிரை ஒதுக்கினேன். முகத்தை அவருக்கு நேரே நிமிர்த்தினேன். ஒரு ஆம்பிளையின் கண்ணை அப்படி நான் பார்த்ததில்லை.

“சொல்லுங்கோ அண்ணை.”

அவர் வாயைத் திறந்தார்.

மூடினார்.

துணியைப் பிடித்த கை கொஞ்சம் மேலே வந்தது. பிறகு கீழே போனது.

நான் கண்ணை எடுக்கவில்லை. அவர் பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை.

திரும்பி நடந்தார்.

“சொல்லியாச்சோ?” அக்காவின் குரல்.

“இல்லை.”

“துடைச்சாச்சோ?”

“இல்லை சிஸ்டர்.”

“பெயர்?”

“யோகநாதன்.”

மேல் அறைக் கதவின் திறப்பு மேசையில் விழுகிற சத்தம் கேட்டது.

“மேல் அறை யன்னல் எல்லாம் தூசி. துணி காய முதல் போய்த் துடையுங்கோ.”

“ஆருக்கு?”

அக்கா திரும்பவும் புத்தகம் அடுக்கத் தொடங்கினா.

“சிஸ்டர், முழுகாத ஆளுக்கு அறை குடுக்கேலாது. சட்டம் இருக்கு.”

“யன்னலைத் துடைச்சிட்டுப் பிள்ளையின்ரை தொட்டிலைக் காம்பிலை இருந்து ஏத்திக்கொண்டு வாங்கோ. வாகனத்தை வாசலுக்குக் கிட்டக் கொண்டுபோய் விடுங்கோ, மழை தூறுது.”

“கமிட்டி கேப்பினம். மேலை ஆர் இருக்கிறது எண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?”

“யோகநாதன்ரை மனிசி எண்டு சொல்லுங்கோ.”

படியில் அவருடைய சப்பாத்துச் சத்தம் கேட்டது. மெதுவாக ஏறினார்.

சலோமி அக்கா குசினிக்குள் வந்து சட்டியின் மற்றப் பக்கத்தைப் பிடித்தா. நான் உரஞ்சினேன். அவ தண்ணீர் ஊற்றினா. நான் நன்றி சொல்லவில்லை.

எனக்குக் கோபம் போகவில்லை.

இப்போது அந்த அறையில்தான் இருக்கிறோம். சுவர் காய்ந்து கிடக்கிறது. பிள்ளை இரவில் இருமுவது குறைந்துவிட்டது. என் நெற்றியில் பொட்டு இருக்கும்போதே குறைந்துவிட்டது. கிளமென்ற் அண்ணை படியில் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு, “யோகநாதனைப் பற்றி ஏதும் அறிஞ்சனீங்களோ?” என்று கேட்கிறார். கேட்கட்டும்.

அக்காவிடமும் கோபம்தான். சூடான அறையில் இருந்துகொண்டு இப்படிச் சொல்வது அழகில்லை என்று தெரியும். ஆனாலும் அவ என் தோளில் கிடந்த துணியை எடுத்து, என் நெற்றிக்கு அனுப்பினவ. அந்த ஆளுக்கு வாய் வந்திருந்தால்? செத்திட்டார் என்று சொல்லியிருந்தால்? ஊர் இல்லாதவளின் நெற்றியில் யார் யாருக்குப் பாடம் எடுத்தார்கள்?

இதை ஒருநாள் கேட்டேன். அக்கா மேல் அறையில் எங்கள் துணி மடித்துக்கொண்டிருந்தா.

“அக்கா, அண்டைக்கு அந்தாள் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பியள்?”

அவ என் முகத்தைப் பார்க்கவில்லை. யன்னலைப் பார்த்தா.

“அதுதான் எனக்கும் நித்திரை வராத கேள்வி,” என்றா.

கிளமென்ற் அண்ணை அந்த யன்னலை நன்றாகத்தான் துடைத்திருக்கிறார். ஒரு கோடு இல்லை. அதில் நின்றால் பஸ் நிற்கிற இடம் தெரியும். இறங்குகிறவர்கள் எல்லாரையும் பார்க்கலாம். இதை எழுதுகிறபோதும் ஒரு பஸ் வந்து நிற்கிறது. இறங்கின ஒருவர் ஒரு தோளைச் சரித்துச் சரித்து நடக்கிறார், என் மனிசனும் அப்படித்தான் நடப்பார், குடை முகத்தை மறைக்கிறது, கீழே இருந்து கிளமென்ற் அண்ணை கூப்பிடுகிறார், தங்கச்சி ஓடி வாங்கோ சோறு அடிப்பிடிக்குது என்று, வாறன் அண்ணை, ஒரு நிமிசம், அந்தக் குடை இப்போதுதான் கொஞ்சம் விலகுது…